கை பிரேக்கை இறக்கும் நேரம்

இன்று காலை குனோங் ராபாட் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் நம் காரின் கியர் ஆயில் குச்சியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து என்னிடம் காட்டினார். நல்ல சிவப்பு. ரோஸ் சிரப்பைத் துணியில் சிந்தியது போல இருந்தது. மோந்து பார்த்தேன், கருகல் இல்லை. "அங்கிள், பழைய ஆட்டோ கியர் கார், ஆனா கியர்பாக்ஸ் புதுசு மாதிரி இருக்குலா. யாரு இப்படி ஓட்டக் கத்துக் குடுத்தது?" என்று கேட்டார். ஒரே வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்விதான். நானோ துணியை வாங்கி இன்னொரு முறை மோந்து பார்ப்பது போல நின்றேன்.

நீ போய் இரண்டு வருடமாகிறது. பத்து வருடத்துக்கு முன் இந்தக் காரை வாங்கும்போது நம் மகள் பொத்தானை அமுக்கினால் பிரேக் பிடிக்கிற புது மாதிரி காரைக் காட்டினாள். கையால் இழுக்கிற பிரேக் இல்லாத கார் எனக்கு வேண்டாம் என்று சண்டை போட்டேன். கிழவனுக்குப் பிடிவாதம் என்று நினைத்திருப்பாள். முப்பது வருடம் லோரியில் கிளட்ச் மிதித்து என் இடது முட்டி தேய்ந்துவிட்டது. உன் இடது கால் இப்போது எனக்கு வந்திருக்கிறது. உன் காரை நொண்டி வண்டி என்று கூப்பிட்டவன் நான். பட்டால்தான் தெரியும் என்பார்களே, பட்டுவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் நீ அந்தக் காரை வாங்கியது நினைவிருக்கிறது. தோட்டத்துத் துரை சொந்த ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன கார். கிளட்ச் இல்லாத காரை அதுவரை நம் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. சின்ன வயதில் தோட்ட லயத்தில் வந்த காய்ச்சல் உன் இடது காலைச் சூம்ப வைத்திருந்ததால் உனக்கு அது ஒன்றுதான் தோது. தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரியில் உனக்கு டைப்பிஸ்ட் வேலை. அங்கே வேலை என்றாலே ஆளை ஒரு மாதிரி பார்ப்பார்கள். "நான் டைப் அடிக்கத்தான் போறேன், படுக்கப் போகல" என்று நீ சொன்னால் கேட்டவர் வாயை மூடிக்கொள்வார்.

காரில் ஒரே ஒரு குறை. நின்ற இடத்திலிருந்து கிளம்பச் சொன்னால் ஒரு மூச்சு யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். நம் சந்தில் இருந்து பெரிய சாலையில் ஏறும் இடமோ கல் லோரிகள் மலையடியிலிருந்து வரிசையாக இறங்கும் இடம். ஒரு நாள் நீ பாதி ஏறியபோது கார் யோசித்தது, லோரி யோசிக்கவில்லை. பின் பம்பரை உரசாமல் போனது உன் ஆண்டவர் செயல். வீட்டுக்கு வந்து இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தாய்.

காரை விட்டுவிடு, பஸ்ஸில் போ என்றேன். என் அம்மாவும் அதையே சொன்னாள். நீ என்னைப் பார்த்துச் சொன்னாய்: "ரெண்டு பஸ் மாறி, அந்த மேட்டுல இந்தக் கால வச்சு எத்தன நாளைக்கு நடப்பேன்? கார விட்டா வேலைய விடணும். வேலைய விட்டா வீட்டுல ஒக்காந்து செவுத்தத்தான் பாக்கணும்." பதில் இல்லாதபோது ஆண்பிள்ளைகள் செய்வதையே நானும் செய்தேன். நான் சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து உன்னைப் பழைய தோட்டத்துச் சாலைக்குக் கூட்டிப் போனேன். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டிருந்தார்கள், சாலையில் ஈ காக்கை இல்லை. நான் ஸ்டேரிங்கில், நீ பக்கத்தில். ரப்பர் பால் லோரி ஓட்டுகிறவன், எனக்குத் தெரியாத வண்டியா? கியரை ஃபிரீயில், அதாவது நியூட்ரலில், வைத்து ஆக்சிலேட்டரை மிதித்து இஞ்சினைக் கத்தவிட்டேன். கத்திக்கொண்டிருக்கும்போதே கியர் கோலை இழுத்து டி-யில் போட்டேன். கார் குதித்துப் பாய்ந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். கிளட்ச் இல்லாத வண்டியில் கிளட்ச் தேடியிருக்கிறேன் என்று அப்போது தெரியவில்லை.

"சத்தம் நல்லால்லீங்க" என்றாய். உனக்கு என்ன தெரியும் என்று மறுபடியும் செய்தேன், மறுபடியும். ஐந்தாவது தடவை அடியில் மடார் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு இஞ்சின் கத்தியது, கார் நகரவில்லை. அடிப்பிடித்த பால் போல ஒரு வாசனை வந்தது. நான் இறங்கித் தள்ளினேன், நீ ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டாய். முதன்மைச் சாலை வரும்வரை இப்படியே போனோம்.

ஒர்க்‌ஷாப்பில் சீன முதலாளி, தவுக்கே, ஆயிலைத் துடைத்துப் பார்த்தார், கறுப்பாக இருந்தது. ஃபிரீயில் கத்தவிட்டு டி-யில் போட்டிருக்கிறார்கள், உள்ளே எல்லாம் போச்சு என்றார். "சியாப்பா பாவா?" என்று மலாயில் கேட்டார், யார் ஓட்டினது என்று. என் கூட்டாளிகள் இரண்டு பேர் அங்கே டயர் மாற்றிக்கொண்டு நின்றார்கள். நான் அவர்கள் மாற்றும் டயரைக் குனிந்து பார்த்தேன். தவுக்கே என்னைப் பார்த்தார், கூட்டாளிகள் என்னைப் பார்த்தார்கள். நீ மட்டும் பார்க்கவில்லை. "சாயா" என்றாய், நான்தான் என்று.

அந்த ஒரு வார்த்தை நம் வீட்டில் எத்தனை வருடம் ஓடியது. சூம்பிப்போன காலை வைத்துக்கொண்டு ஓட்டினால் இப்படித்தான் என்றாள் அம்மா. வந்த விருந்தாளிகளிடமெல்லாம் சொன்னாள். அவள் சொல்லும்போது நீ அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாய். நான் பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தேன். கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்த வாரங்களில் நீ இரண்டு பஸ் மாறித்தான் போனாய். ராத்திரி உன் கால் வீங்கியிருக்கும். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். உண்மையைச் சொல்வதைவிட வெந்நீர் வைப்பது சுலபமாக இருந்தது.

நீ சும்மா இருக்கவில்லை. கார் தயாரான அன்று தவுக்கேயைப் பக்கத்தில் உட்காரவைத்து, கெடாமல் வேகமாகக் கிளம்புவது எப்படி என்று கேட்டாய். அவர் சொன்னதை உன் சுருக்கெழுத்துப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாய். இடது காலால் பிரேக்கை அழுத்தி, வலது காலால் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து, பிரேக்கை விடவேண்டும் என்றாராம். உன் இடது காலுக்கு அந்தப் பலம் ஏது? அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நீ கை பிரேக்கைத் தொட்டுக் காட்டினாயாம். கால் போனால் என்ன, இடது கை இருக்கிறதே என்று.

அடுத்த ஞாயிறு அதே செம்பனைச் சாலை. இந்தத் தடவை நீ ஸ்டேரிங்கில். நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது பேச்சு. இஞ்சினைப் போட்டுவிட்டு பரமண்டல ஜெபம் முழுவதையும் சொன்னாய். ஆயில் சூடாக அவ்வளவு நேரம் வேண்டுமாம். பிறகு இஞ்சினுக்குப் பாரம் குறைய ஏர்கோன் குளிரை அடைத்தாய். இஞ்சின் அடங்கி இருக்கும்போதே டி-யில் போட்டாய். கார் லேசாக ஒரு இழுப்பு இழுத்தது. "இப்ப அது காது குடுத்திருச்சு. இனிமேதான் நாம சொல்லணும்" என்றாய். கை பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாக, இஞ்சின் குரல் மாறும் அளவுக்கு மட்டும் மிதித்தாய். ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் கை பிரேக்கை இறக்கி, மிதியைப் பிழிவது போல அழுத்தினாய். குதிக்கவில்லை, டயர் கத்தவில்லை. கார் போய்விட்டது. நான்தான் முதுகு சீட்டில் ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தேன். இரண்டுக்கு மேல் எண்ணினால் ஆயில் வெந்துவிடும் என்றாய். தினமும் செய்யலாமா என்று பேச்சை மீறிக் கேட்டேன். "இது மருந்து, சோறு இல்ல" என்றாய்.

திங்கட்கிழமை சந்தில் நான் உன் பக்கத்தில். இரண்டு லோரிகளுக்கு நடுவே இடைவெளி வந்தது. எனக்கு அது போதாது என்று பட்டது. நீயும் அதைப் போகவிட்டாய். அரைக்கிணறு தாண்டக் கூடாது என்று முனகினாய். அடுத்த இடைவெளி வந்தது. கை பிரேக்கை இறக்கினாய். கண்ணாடியில் பின்னால் வந்த கல் லோரி தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது. அன்றைக்கு நீ அழுதாய், ஞாபகமிருக்கிறதா? எட்டு மைல் தூரமும் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினாய். உன் வேலை உன்னிடமே இருந்தது.

அந்தக் கல் லோரியை ஓட்டியவன் என் கூட்டாளி. சாயங்காலம் கோப்பிக் கடையில் கேட்டான்: "மச்சான், ஒன் பொண்டாட்டி என்னமா எடுக்குறா! யாரு கத்துக் குடுத்தா?" நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். நான்தான் என்றேன். பழிக்கு வராத வார்த்தை புகழுக்கு எவ்வளவு சீக்கிரம் வந்தது பார். ஊர் வாய் உன் காதுவரை கொண்டு வந்து சேர்த்துவிட்டது. நீ அரிசி களைந்துகொண்டே, "ஒடச்சது நான், கத்துக் குடுத்தது நீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். சிரிப்பிலேயே தப்பித்துக்கொண்டேன். அம்மா கடைசிவரை உன் கால்தான் கியரை உடைத்தது என்று நம்பிப் போய்ச் சேர்ந்தாள். உன்னிடமும் தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லாமலே இருந்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

இன்று மெக்கானிக் பதிலுக்குக் காத்திருந்தார். "என் வீட்டுக்காரி. மொத காரோட கியர ஒடச்சது நான். பழி அவ மேல போச்சு" என்றேன். "ஓ, அப்படியா அங்கிள்" என்று பானெட்டை மூடினார், பாவம், அவருக்கு என்ன தெரியும். ஒருமுறை வாய் திறந்துவிட்டதால் அங்கேயே நின்று மகளுக்கும் போன் செய்தேன். பாட்டி சொன்ன கதையைக் கேட்டு வளர்ந்தவள் அல்லவா. எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மா எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்தப்பவே சொல்லிட்டாங்கப்பா. அவரா சொல்ற வரைக்கும் நீ கேக்கக் கூடாதுன்னாங்க."

வீட்டுக்கு வந்து, சாயங்காலம் மறுபடி வெளியே கிளம்பும்போது அதே சந்து. ஜெபம் சொல்லி, ஏர்கோனை அடைத்து, டி-யில் போட்டேன். அந்தச் சின்ன இழுப்பு வந்தது. இடது கை, கை பிரேக்கின் மேல் இருந்தது. சாலையில் லோரி ஒன்றும் வரவில்லை. பின்னால் இருந்தவர் ஹோர்ன் அடித்த பிறகுதான் கை பிரேக்கை இறக்கினேன்.