கிரெனாஷுக்கு ஒரு நாற்காலி

என் செல்ல மகனுக்கு,

உன் மகள் ஒயின் பரிமாறும் வேலைக்குப் போனதிலிருந்து அவளோடு நீ பேசுவதில்லை. "நாள் முழுக்கக் குடிக்கிறா" என்று என்னிடமும் குதித்தாய். அதனால் நேற்று அவளுடைய உணவகத்துக்கே போய்ப் பார்த்துவிட்டேன்.

அவள் குடிக்கவே இல்லையடா. ஒரு வாய் கொப்பளித்து வாளியில் துப்பிவிடுகிறாள், பல் துலக்குகிற மாதிரி!

கிரெனாஷ் என்று ஒரு திராட்சையாம், அதில் செய்த ஒயினை என் மூக்கருகே நீட்டினாள். "என்ன வாசம் வருது பாட்டி?"

"ஸ்ட்ராபெரி ஜாம். பின்னாடியே கொஞ்சம் மிளகு, அதிமதுரம்" என்றேன்.

"அடிக் கிழவி, இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாசம் ஆச்சு!" என்று கட்டிக்கொண்டாள். நான் படித்தது அஞ்சாங்கிளாஸ்தான், ஆனாலும் என் மூக்கென்றால் சும்மாவா? இந்த ஒயின் புளிப்பு குறைவானதாம். பூண்டு போட்டு நெருப்பில் வாட்டிய ஆட்டுக்கறியோடு நன்றாகச் சேருமாம். மீனோடு கூடாதாம், மீனின் ருசியையே அமுக்கிவிடுமாம்.

வெள்ளிக்கிழமை அவளுக்குப் பரீட்சை. வீட்டு ஆள் ஒருவரை மேசையில் உட்காரவைத்து, இந்த ஒயினை ஊற்றி, அதற்கு ஏற்ற சாப்பாட்டையும் பரிமாற வேண்டும். "நீ வந்து உட்காரு பாட்டி" என்றாள். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். இனி அந்த நாற்காலிக்கு நீ ஒருவன்தான். குடிக்க வேண்டாம், முகர்ந்து பார்த்தாலே போதும்.

என் முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. அவளிடம் உளறிவிடாதே.

ஆசையோடு,
உன்னைப் பெற்றவள்