அறுபது அணுக்களும் ஒரு துண்டும்

இன்று காலை உன் தம்பி தேயிலைத் தொழிற்சாலை அடுப்பின் கரியைக் கூட்டிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். மூக்கில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து நாற்காலியில் போட்டான். அந்தக் கரிவாடை பட்டதும் எனக்கு உன்மேல்தான் முதலில் கோபம் வந்தது. செத்தவன்மேல் கோபப்படக் கூடாதாம். யார் சொன்னது?

ஒருமுறை தீபாவளிக் கால்பந்து ஆட்டத்துக்குப் பந்து இல்லையென்று பழைய லோரி டியூப்பை வெட்டித் தைத்தாயே, எல்லாமே அறுகோணமாக. "ஒரே மாதிரி வெட்டுனா வேல சுளுவு லா" என்றாய். தைக்கத் தைக்க அது உருளவே இல்லை, தோசை மாதிரி தட்டையாகக் கிடந்தது. நம் லைன் வீடுகள் முழுக்கச் சிரித்தன. கடைப் பந்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்து, இடையிடையே பன்னிரண்டு ஐங்கோணம் வைத்துத் தைத்தாய். அப்புறம்தான் பந்து மூடிக்கொண்டது.

ரிங்லெட் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் உன் கூட்டாளி நான் வருஷா வருஷம் உன் பந்தைத்தான் சொல்கிறேன். கிராஃபைட்டை லேசரால் ஆவியாக்கியவர்கள், அறுபது கார்பன் அணுக்கள் ஒன்றாய்ச் சேர்ந்து நிற்பதைக் கண்டார்கள். வடிவம் பிடிபடாமல் திண்டாடினார்கள். கடைசியில் பிடிபட்டது உன் பந்தின் வடிவம்தான்: இருபது அறுகோணம், பன்னிரண்டு ஐங்கோணம், மூலைக்கு ஓர் அணு. பிறகு வேறு சிலர் கரிப்புகையிலிருந்தே அதைப் பிரித்தெடுத்தார்கள். கரியை ஆராய்ந்து முதலில் கண்டவர்களுக்கு உலகின் மிகப் பெரிய பரிசு. கரியைக் கூட்டிய உனக்கு நெஞ்சு முழுக்க இருமல். இதை மட்டும் வகுப்பில் சொல்ல முடியவில்லை.

நிர்வாகத்திடம் தூசு முகமூடி கேள் என்று எத்தனை தடவை கத்தினேன்! "துண்டு போதும் லா, அப்பாவும் இதத்தான் கட்டுனாரு" என்று சிரித்தாய். கேட்காத உன்மேல் கோபம். கேட்காமலே கொடுத்திருக்க வேண்டிய நிர்வாகத்தின்மேல் அதைவிடக் கோபம். உன் சாவுக்குப் பெரிய மாலையாக அனுப்பினார்களே, அந்த மாலையை அன்றே பிய்த்து எறிந்திருக்க வேண்டும்.

"முகமூடி எங்கடா?" என்று தம்பியைக் கேட்டேன்.

"துண்டு போதும் லா, அண்ணனும்..."

முடிக்க விடவில்லை. துண்டைப் பிடுங்கிக்கொண்டு, அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றி மேனேஜர் ஆபீசுக்கு வந்துவிட்டேன். "முகமூடி வர்ற வரைக்கும் இவன் அடுப்புப் பக்கம் போமாட்டான்" என்றேன். "பாக்கலாம்" என்றார் மேனேஜர். "பாருங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

அந்தப் பெஞ்சில் இருந்துதான் இதை எழுதுகிறேன். துண்டு என் மடியில் இருக்கிறது. அது உன்னுடையதாம், தம்பி இப்போதுதான் சொன்னான். திருப்பிக் கேட்கிறான். கொடுக்கமாட்டேன்.