மூச்சு வாங்கினால் சரி

இன்று காலை பின்சந்திலிருந்து பெட்ரோலும் கடல்சேறும் கலந்த வாடை வந்தது. நீங்கள்தான் வேலை முடிந்து வந்துவிட்டீர்கள் என்று தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். கொதித்த பிறகுதான் நீங்கள் இல்லை என்பது நினைவு வந்தது. அடுப்பை அணைத்தேன். வேறொன்றும் தோன்றவில்லை.

உங்கள் தம்பி படகு டிரெய்லரை வெளியே எடுத்திருந்தான். நீங்கள் போன பிறகு அவனுக்குக் கிடைத்த முதல் வேலை. யாரோ ஒரு துரையின் புதுப் படகைச் சாங்கிக் கடற்கரைக்கு இழுத்துப் போக வேண்டும். அகலம் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது லா என்றான். அகலத்தை மட்டும் பார்க்கிறவனை நீங்கள் எப்படித் திட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன்.

கல்யாணமான புதிதில் பிடோக் இறக்கத்தில் நாம் பட்ட பாடு மறக்குமா? படகின் பின்பக்கம் கனத்துப்போய், டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்து, லாரியையே ரோட்டை விட்டு இழுத்தது. ஒரு தென்னையை உரசிக்கொண்டு நின்றோம். மறுநாளிலிருந்து கிளம்பும் முன் என்னைக் கூப்பிட்டு, லாரியில் மாட்டுகிற டிரெய்லரின் மூக்கைத் தூக்கச் சொல்வீர்கள். லேசாக எழும்பினால், முன்பக்கம் கனம் போதாது என்று படகை முன்னே தள்ளுவீர்கள். "இடுப்பு வரைக்கும் வருதா? மூச்சு வாங்குதா? அப்ப சரி." உங்கள் கைக்கு எல்லாமே லேசு, அதை நம்ப முடியாது என்பீர்கள். பெண்டாட்டியை மாடாக்கிவிட்டான் என்று சந்தே சிரித்தது. எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

இன்றும் தூக்கினேன். இடுப்பு வரை வந்தது. மூச்சு வாங்கியது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். உங்கள் தம்பி பெண்டாட்டி, மாசமாக இருப்பவள், கடல் பார்க்க வேண்டுமென்று லாரியில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் என் ரவிக்கையின் கை கண்ணில் பட்டது. போன தீபாவளிக்கு, இறுக்குகிறது என்று தையற்காரரோடு நான் சண்டை போட்ட ரவிக்கை. தொளதொளவென்று தொங்கியது. நீங்கள் போனதிலிருந்து நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அழவும் இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டார்கள், எனக்கும் அப்படித்தான் பட்டது. இளைத்த கைக்கே இவ்வளவுதான் கனம் என்றால், என் பழைய கைக்கு அது லேசாகத்தான் எழும்பியிருக்கும்.

"முன்னால தள்ளு தம்பி."

"நல்லாத்தானே தூக்குனீங்க அண்ணி?"

"என் கை பழைய கை இல்ல. என்னால தூக்க முடியாத வரைக்கும் தள்ளு."

படகு முட்டி நிற்கும் முன்கட்டையைக் கழற்றிக் கழற்றி மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினான். கடைசியில் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன், எழும்பவில்லை. போகச் சொன்னேன். சாயங்காலம் பத்திரமாகத் திரும்பினார்கள். வண்டி ஆடவே இல்லையாம். அடுத்த வாரமும் ஒரு படகு இருக்கிறதாம்.

சட்டியில் மிஞ்சியிருந்த சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ருசி தெரியவில்லை. இருந்தாலும் தட்டைக் காலி செய்தேன். நீங்கள் என்னிடம் விட்டுப்போனது அந்தக் கனத்தின் அளவு ஒன்றுதான். அது தப்பாமல் கையில் இருக்கவாவது நான் சாப்பிட வேண்டும்.