மாடிப்படியில் பிசுபிசுப்பு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன், தேய்த்துத் தேய்த்துக் கையில் மட்டும் தோல் உரிந்திருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. உன் அப்பா சுகமா என்று நான் எழுத வேண்டியதில்லை. அவரைப் பற்றி என்னைவிட உனக்குத்தான் அதிகம் தெரியும் என்று போன வாரம் தெரிந்துகொண்டேன், அதற்கு வருகிறேன். இதைப் போனிலேயே சொல்லலாம், ஆனால் பிடிக்காத பேச்சு வந்தால் உனக்கு உடனே சிக்னல் போய்விடும், இல்லாவிட்டால் மீட்டிங் வந்துவிடும். கடிதத்தில் அந்த வசதி இல்லை, கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். புது ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த ஸ்டிக்கரைக் கிழித்தேன், பசை அப்படியே நிற்கிறது, கத்தியால் சுரண்டினேன், கீறல் விழுந்துவிட்டது என்றாயே. இவ்வளவு படித்தவள் ஃப்ரிட்ஜைப் போய்க் கத்தியால் குத்துவாளா? சமையல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் தடவிவிட்டுக் கால்மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிரு, அது உனக்கு நன்றாக வரும். பிறகு பழைய துணியால் துடைத்தால் பசை உருண்டு வந்துவிடும், மேலே சோப்புத் தண்ணீர் போட்டு எண்ணெயை எடுத்துவிடு. கீறலுக்கு மருந்து கிடையாது. அதன்மேல் ஏதாவது ஒரு காந்தப் பொம்மையை ஒட்டி மறைத்துவிடு, மறைப்பது உனக்குப் பழக்கம்தானே.

இங்கே ஒரு மாதமாக நம் கட்டடத்து மாடிப்படியில் பெரிய ரகளை. கேட்டிலிருந்து ஆரம்பித்துப் படிக்குப் படி ஏதோ சொட்டியிருக்கும், செருப்பு வைத்தால் பிடித்து இழுக்கும், எறும்பு வரிசை கட்டி நிற்கும். முதல் மாடித் திருப்பத்தில் மட்டும் கொஞ்சம் பெரிய குட்டையாகத் தேங்கியிருக்கும். அங்கிருந்து மேலே ஏறி, சரியாக நம் வீட்டுக் கதவுக்கு நாலு படி கீழே வந்து நின்றுவிடும். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளரை உனக்கு நினைவிருக்கும், கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், தண்ணீர்க் குழாய் சொட்டினாலும் சுற்றறிக்கை விடுவார். சுற்றறிக்கை என்றுதான் நான் அவருக்குப் பெயரே வைத்திருக்கிறேன். அந்த மனிதர் டார்ச் அடித்துப் படியைப் படம் பிடித்து, எல்லார் போனுக்கும் அனுப்பி, இரண்டாம் மாடியில் குடியிருப்போர் குப்பைப் பையை ஒழுகவிடாமல் எடுத்துச் செல்லவும் என்று எழுதினார். இரண்டாம் மாடியில் இருப்பது நாம் மட்டும்தான். நான் விடுவேனா? நடைபாதையில் நிறுத்தி, என் வீட்டுக் குப்பைப் பை உங்க வீட்டுக் குடிதண்ணிக் குடத்தைவிட சுத்தம், வந்து முகர்ந்து பாருங்க என்று கேட்டுவிட்டேன். அவர் உடனே மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தால் எந்தப் பிசுக்கும் போய்விடும் என்று அறிவித்து, தானே ஊற்றி, தானே வழுக்கி, மூன்று படி உட்கார்ந்தபடியே இறங்கினார். பிசுக்கு அப்படியே இருந்தது.

கறை என்றால் நீ யார் என்று முதலில் அதைக் கேட்க வேண்டும், பிறகுதான் கை வைக்க வேண்டும். எண்ணெய்க் கறை மாவுக்கு மசியும், பசை எண்ணெய்க்கு மசியும், சூயிங்கம் ஐஸ்கட்டிக்குப் பயப்படும், பேனா மைக்கு ஸ்பிரிட் வேண்டும். நான் ஒரு வாளி வெந்நீரும் பழைய துண்டும் எடுத்துக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். சோப்பு கூடப் போடவில்லை, வெந்நீர் பட்டதுமே கரைந்து ஓடியது. சர்க்கரை. கூடவே கொஞ்சம் பழுப்பு நிறமும் ஒரு பால் வாசனையும். குப்பைப் பையில் இருந்து வருகிற வாசனை இல்லை இது, யாரோ தின்றுகொண்டே ஏறுகிறார்கள், திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குகிறார்கள் என்பது வரைக்கும் எனக்குப் புரிந்தது. இந்தக் கட்டடத்தில் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குகிறவர் யார் என்று அப்போதும் இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை பார்.

அந்த வாரமே அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். வலது கால் பெருவிரலில் ஒரு சின்னப் புண் என்று சொன்னேனே, அது ஆற மாட்டேன் என்கிறது. டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, போன மாசத்தைவிட சர்க்கரை ஏறியிருக்கு, வீட்ல என்னதாம்மா குடுக்குறீங்க என்று என்னைப் பிடித்துக்கொண்டார், வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். நான் கணக்காகத்தான் சாப்பாடு போடுகிறேன், தினமும் சாயங்காலம் தவறாமல் நடக்கிறார் டாக்டர், நான் சொல்லாமலேயே கிளம்பிவிடுகிறார் என்று பெருமையாக வேறு சொன்னேன். உன் அப்பா திருடனுக்குத் தேள் கொட்டினது மாதிரி உட்கார்ந்திருந்தார். சுவரில் கண் பரிசோதனைக்கு மாட்டியிருந்த எழுத்துகளை மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை வரும்போதும் இப்படியே இருந்தால் அந்த விரலை எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

போன வாரம் ஒரு சாயங்காலம் அப்பா நாற்காலியிலேயே தூங்கிப்போனார். கதவைத் தட்டுகிறார்கள் என்று திறந்தால், சாமான் கொண்டுவந்து தருகிற ஆள், கையில் ஒரு கோன் ஐஸ்கிரீம். ஐயா போன் எடுக்கலை, உருகிட்டு இருக்கு, அதான் மேல வந்துட்டேன் என்றார். வீடு மாறி வந்துட்டீங்க என்றேன். இல்லம்மா, தினமும் இதே கேட்டுதான், வெளிநாட்டுல இருந்து அவங்க பொண்ணு அனுப்புறாங்க என்று சொல்லிவிட்டு, நம்பிக்கை வரட்டும் என்று போனை எடுத்து, ஆர்டரோடு நீ எழுதியிருந்த குறிப்பைப் படித்தும் காட்டினார். கேட்டுலயே நில்லுங்க, மாடிக்குப் போகாதீங்க, அப்பா இறங்கி வருவாங்க, அம்மா வந்துட்டா அட்ரஸ் மாறிப்போச்சுன்னு சொல்லிடுங்க. படித்து முடித்த பிறகுதான் பாவம் என் முகத்தைப் பார்த்தார்.

ஆக, நடை என்பது கேட்டு வரை. திரும்பி வருவதற்குள் தின்று முடிக்க வேண்டும், அதனால் படியேறிக்கொண்டே தின்பது, கதவுக்கு நாலு படி முன்னால் கடைசிக் கடியை விழுங்கி வாயைத் துடைத்துக்கொள்வது. இத்தனை வருஷம் பேருந்து ஓட்டியவர், ஒரு கீறல் இல்லாமல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவேன் என்று பெருமை பேசுகிறவர், இரண்டு மாடி ஏறுவதற்குள் ஊருக்கே வழி காட்டுகிற மாதிரி சொட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எழுப்பிக் கேட்டேன். பிள்ளை ஆசையா அனுப்புது, வேணாம்னா அது மனசு கஷ்டப்படும் என்கிறார். உன்னைக் கேட்டால், அப்பா ஆசைப்பட்டாரும்மா, எப்படி மாட்டேன்னு சொல்றது என்பாய். நீங்கள் இரண்டு பேரும் ஆசை ஆசையாக நல்லவர்களாக இருங்கள், சோற்றை அளந்து போடுகிற நான்தான் கொடுமைக்காரி. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது என் வீட்டிலேயே நடக்கும் என்று நினைக்கவில்லை. சர்க்கரை அளக்கிற கருவியை வாங்கி அனுப்பியதும் நீ, காலையில் போன் செய்து இன்னிக்கு எவ்வளவும்மா என்று கேட்பதும் நீ, சாயங்காலம் கோன் அனுப்புவதும் நீ. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அது உனக்காகத்தான் சொல்லிவைத்தார்கள் போல.

மறுநாள் நானே கேட்டில் நின்று கோனை வாங்கிக்கொண்டேன். செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டி, படியில் சொட்டவிட்டது எங்கள் வீட்டு ஆள்தான் என்று சொல்லி, அந்தக் கோனை அவர் கையில் கொடுத்தேன். என் வாயால் அதைச் சொல்ல எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். அவர் அங்கேயே நின்று தின்று, வெள்ளைச் சட்டையில் கோடு போட்டுக்கொண்டு, சாக்லேட் கறைக்கு என்ன செய்யலாம் என்று என்னிடமே கேட்டார். பால் கலந்த கறைக்கு முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சோப்பு, வெந்நீர் மட்டும் வேண்டாம், துணியில் பால் வெந்து பிடித்துக்கொள்ளும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். படிக்கு வெந்நீர்தானே ஊத்தினீங்க என்று சட்டம் பேசிவிட்டு, வெந்நீரில் முக்கி, இஸ்திரியும் போட்டு, இப்போது அந்தக் கோடு சட்டையோடு பிறந்தது மாதிரி இருக்கிறது. உனக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், நினைவில் வைத்துக்கொள். கொண்டுவரும் ஆளிடம் இனி வராதீங்க என்றேன், ஆர்டர் வந்தா வரத்தாம்மா வேணும் என்கிறார். நியாயம்தான். நேற்று வந்ததை ஃப்ரீஸரில் பட்டாணிப் பைக்கு அடியில் வைத்திருக்கிறேன், நீ வாயைத் திறந்து இல்லை என்று சொன்னால் காட்டுவதற்காக.

கிண்டல் போதும். காலையில் அவர் காலை என் மடியில் வைத்து மருந்து போடுகிறேன். அதே வலது கால், பிரேக்கை மிதித்த கால். விரலின் ஓரம் கறுத்துக்கொண்டு வருகிறது. நான் அழுத்தினால் அவருக்கு வலிப்பதில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, நிஜமாகவே பயமாக இருக்கிறது. வர முடியவில்லையே என்கிற குறைக்குத்தான் நீ அனுப்புகிறாய் என்று எனக்குத் தெரியாதா? வர முடியாவிட்டால் வராதே, அவர் நடக்கப் போகிற நேரத்துக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டே இரு, உன் குரலைக் கேட்டால் தெருமுனை வரை போய்வருவார். கோன் மட்டும் வேண்டாம், ஒன்று கூட வேண்டாம்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, கத்தியை ஃப்ரிட்ஜ் பக்கம் கொண்டுபோகாதே. நீங்கள் இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். கீழே இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன், அப்பா எழுதுவார்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத
அம்மா

மகளே, அம்மா சொல்வதெல்லாம் சரி. இனி அனுப்பாதே. நான் அடியோடு விட்டுவிட்டேன். அப்பா.

பின்குறிப்பு: உறையில் போடலாம் என்று இதை எடுத்தேன், தாள் மேஜையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா எழுதிய வரிக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கிறதே, அது என்னுடையது இல்லை. ஃப்ரீஸரைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். பட்டாணிப் பைக்கு அடியில் வெறும் காகிதம், அழகாக மடித்து வைத்திருக்கிறார். தாளில் படிந்த கறையை எடுக்கவும் எனக்குத் தெரியும், எடுக்கவில்லை. நீ அனுப்பியதுதான், உனக்கே திருப்பி அனுப்புகிறேன்.