யார் அளவுக்கு வெட்டுவது

தண்டர் பே,
ஜனவரி 18

அன்பு மகன் ஆர்த்துவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சைலாவும் சுகம். கரையோரம் ஏரி உறைந்துவிட்டது, அப்பாவுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது, வருடா வருடம் இரண்டும் ஒரே வாரத்தில்தான் வருகின்றன. பின்லாந்தில், அந்தத் தாம்பெரே குளிரில் நீ தொப்பி போட்டுக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன்னிடம் பனித்தளத்தில் சறுக்கக் கற்கும் பிள்ளைகள் சொன்ன பேச்சுக் கேட்கிறார்களா? நீ என் பேச்சைக் கேட்ட லட்சணம் தெரியும், அதனால்தான் விசாரிக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சைலா டொராண்டோ பையன் லூக்கோடு ஜோடி சேர்ந்து கனடாவுக்காகப் பனி நடனம் ஆடப் போவது உனக்குத் தெரியும். இடுப்பு நோவென்று நீ ஆட்டத்தை விட்டு இரண்டு வருடம் ஆகிறது, அவளுக்கும் இருபத்தாறு, இந்த வருடமும் போனால் ஆட்டமே போயிற்று. அண்ணனும் தங்கையுமாக நீங்கள் பின்லாந்துக்கு ஆடியவர்கள், அங்குள்ள சறுக்குச் சங்கம் அவளை விடுவித்துக் கடிதம் தந்தால்தான் இங்கே அவள் பெயரைப் பதிய முடியும், மாதக் கடைசி கெடு. சங்கமோ தரமாட்டேன் என்கிறது. திரும்ப ஆட வருவாயா என்று எப்போது கேட்டாலும் நீ 'பார்க்கலாம்' என்கிறாயாம். அண்ணன் வரக்கூடும் என்றால் தங்கையை எப்படி விடுவது என்கிறார்கள். உன்னை மட்டும் திட்ட எனக்கும் வாயில்லை. போன வசந்தத்தில் சங்கத்துக்காரர் வீட்டுக்குப் போன் செய்தபோது, "பையன் வந்துடுவான், கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று சொன்னவள் நான். உங்கள் இருவரிடமும் மறைத்துவிட்டேன். கனடாவில் ஜோடிகள் அதிகம், இடம் கிடைக்காது என்று நான் பிறந்த பின்லாந்தின் பாஸ்போர்ட்டை உங்களுக்கு வாங்கிக் கொடுத்தவளும் நான்தான். பின்லாந்துக் கொடியின் நீல வெள்ளைச் சட்டையில் உங்களைச் சேர்த்துப் பார்க்கும் ஆசை என்னை விடவில்லை. பெற்றவள் ஆசைதான், ஆனாலும் பொய் பொய்தான்.

அப்பா பனித்தளத்தை வழவழப்பாக்கும் வண்டியை ஓட்டுவதால் எல்லாம் அவர் கண்ணில் படுகிறது. நீ போன பிறகு சைலா ஒரு வருடம் காலையில் தனியாக ஆடினாளாம், உன் தோள் உயரத்தில் கையை வெறுங்காற்றில் வைத்துக்கொண்டு. லூக் உன்னைவிட நான்கு விரல் உயரம். அவள் கை இன்னும் உன் உயரத்துக்கே போகிறது. அவன் முழங்காலை மடக்கிக்கொண்டு ஆடுகிறான். பயிற்சியாளர் திட்டியதற்கு, "அவ கை பழகட்டும், அதுவரைக்கும் நான் குனிஞ்சுக்கறேன்" என்றானாம். நல்ல பையன், நம் வீட்டில் ஏலக்காய் ரொட்டி ஆறு தின்றான். நேற்று ஆட்டச் சட்டைக்கான துணியை மேஜையில் விரித்தேன். உன் அளவு எனக்கு மனப்பாடம், கத்தரி அங்கேதான் போயிற்று. நிறுத்திவிட்டு அவனைக் கூப்பிட்டு நாடா பிடித்து அளந்தேன். வெட்டிவிட்டேன், ஆர்த்து. பிறகு கொஞ்ச நேரம் அழுதேன், அப்பா காப்பி போட்டுக் கொடுத்தார். நான் சொன்னது பொய் என்று இன்று காலை சங்கத்துக்கும் மின்னஞ்சலில் எழுதிவிட்டேன். இனி உன் கடிதம் ஒன்றுதான் பாக்கி. திரும்பும் எண்ணம் நிஜமாகவே இருந்தால் அதைச் சங்கத்திடம் அல்ல, நேராகச் சைலாவிடம் சொல். இல்லையென்றால் இல்லை என்று சங்கத்துக்கு எழுது, அதனால் நீ எங்களுக்குக் குறைந்துவிட மாட்டாய்.

உன் இடுப்பும் மனசும் சீக்கிரம் தேறட்டும், தொட்டது துலங்கட்டும். தபாலுக்கு நேரமில்லை என்று இதையும் மின்னஞ்சலிலேயே அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுது, 'பார்க்கலாம்' என்று மட்டும் எழுதாதே.

என்றும் உன் நலம் நாடும் அம்மா,
தூலா

பி.கு.: மிச்சத் துணியை அளந்து பார்த்தேன். உன் சட்டைக்குப் போதாது.