கத்தரி இன்னும் வரவில்லை

என் வாயாடிப் பேத்திக்கு,

பாட்டி சந்தோஷமாக எழுதும் கடிதம். என் முட்டிவலி உட்பட இங்கே எல்லோரும் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுவதாக நீ எழுதியிருந்ததை உன் அம்மா நம்பிவிட்டாள். நான் நம்பவில்லை.

நீ அனுப்பிய கவர் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன். அகராதி ஆபீஸில் வேலை பார்க்கிற பெண் நாளெல்லாம் என்னதான் செய்வாள் என்று கேட்டவர்களுக்கு இனி என்னிடம் பதில் உண்டு. பத்திரிகையிலிருந்து நீ வெட்டி அனுப்பிய உன் கட்டுரையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். உன் பெயர் மட்டும் புரிந்தது. எனக்கு அது போதும். இஸ்திரிக் கடைக்காரர், பால்காரர், எதிர்வீட்டு டீச்சர் எல்லோரிடமும் காட்டியாயிற்று. "என்னம்மா எழுதியிருக்கா?" என்று டீச்சர் கேட்டார். "ஒரு வார்த்தையப் பத்தி" என்றேன். "ஒரே வார்த்தைக்கு ரெண்டு பக்கமா?" என்றார். "பின்னே, எங்க வீட்டுப் பொண்ணாச்சே!" என்றேன்.

நீ எனக்காகத் தமிழில் எழுதி வைத்திருந்த விளக்கத்தை மூன்று தரம் படித்தேன். ஹாட்ச்பாட் என்கிற வார்த்தை பிரெஞ்சுக்காரர்களின் அடுப்படியில் பிறந்ததா! குலுக்கு என்று ஒரு சொல், பானை என்று ஒரு சொல். கையில் கிடைத்ததை எல்லாம் ஒரே பானையில் போட்டுக் குலுக்கி வேகவைப்பது. அங்கிருந்து அதை இங்கிலாந்து வக்கீல்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பிற்பாடு ஹாட்ஜ்பாட்ஜ் என்று உருமாறி, ஒன்றுக்கொன்று ஒட்டாத எதைக் குவித்து வைத்தாலும் அதற்குப் பெயராகிவிட்டது என்கிறாய். ஆக, சமையலறையில் பிறந்து, கோர்ட் படியேறி, கடைசியில் பரண்மேல் வந்து உட்கார்ந்த வார்த்தை. நான் பார்த்த சில மனிதர்களும் அப்படித்தான்.

எனக்குப் பிடித்தது நடுவில் வருகிற அந்த வக்கீல் சமாச்சாரம். அப்பா இருக்கும்போதே ஒரு பிள்ளை ஏதாவது வாங்கியிருந்தால், பாகம் கேட்டு வரும்போது அதையும் கொண்டுவந்து பொதுவில் போட வேண்டும். பிறகு எல்லோருக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும். போட மனசில்லாதவர் வாங்கியதோடு விலகிக்கொள்ள வேண்டும். இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இங்கே பாகம் பிரிக்க நாள் குறித்திருந்தது.

உன் அம்மா இதையெல்லாம் உனக்கு எழுதியிருக்க மாட்டாள். தாத்தாவின் தையல் அறையைக் கடையோடு சேர்க்க உன் மாமா சுவரை இடிக்க வேண்டும். பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் குவிகிறது, கடையில் நிற்க இடமில்லை. அதனால் அறைச் சாமான்களைப் பிரிக்கலாம் என்று பேச்சு எழுந்தது. அதில்தான் வந்தது வம்பு. "மெஷினை அவனுக்குத் தூக்கிக் குடுத்தார், எனக்கு என்ன குடுத்தார்?" என்று உன் பெரியம்மா. "அன்னைக்கு நீ கேட்டியா?" என்று மாமா. நடுவில் நியாயம் சொல்லப் போன உன் அம்மா இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஆறு மாதமாக மூன்று பேரும் சேர்ந்து இந்த வாசலை மிதித்ததில்லை. ஒருவர் வந்தால் மற்றவருக்குத் தலைவலி வந்துவிடும். பாகமும் முடிந்துவிட்டால் அப்புறம் வரக் காரணமே இருக்காதே என்று நான் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை வந்து ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்தார்கள். நான் உன் காகிதத்தைப் பிரித்து உரக்கப் படித்தேன். "அப்பாகிட்ட வாங்கினதை எல்லாம் முதல்ல இங்க கொண்டுவந்து வைங்க. அப்புறம்தான் பாகம்" என்றேன். "அஞ்சாங்கிளாஸ் படிச்ச அம்மா சட்டம் பேசுறாங்களே, யாரு போட்ட சட்டம் இது?" என்றான் மாமா. "உன் தங்கச்சி மக எழுதி அனுப்பினது. உனக்குத் தெம்பிருந்தா அவகிட்ட பேசிக்கோ" என்றேன். உன் வாய் என்றால் அவனுக்குப் பயம். எழுந்து கடைக்குப் போனான்.

கடையிலிருந்து இரண்டு ஆட்கள் மிதி மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊசிக்கடியில் பாதி தைத்த சீருடைச் சட்டை அப்படியே தொங்கியது. உன் அம்மா பட்டன் டப்பாவைக் கொண்டுவந்தாள். தாத்தா தைத்த ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு பட்டன் கூடுதலாக எடுத்து அதில் போட்டு வைப்பாரே, கழன்றுபோனால் தேடி வருவார்கள் என்று, அந்த டப்பா. பெரியம்மா மட்டும் அசையவில்லை. "எனக்குத்தான் ஒண்ணும் தரலையே" என்றாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் தாங்கினாள். பிறகு எழுந்து போனவள் வண்டியில் திரும்பி வந்தபோது கூடவே ஆளுயரக் கண்ணாடி! கடைக்கு வந்தவர்கள் சட்டை போட்டுப் பார்த்த கண்ணாடி. அவள் கல்யாணத்தின்போது தாத்தா கழற்றிக் கொடுத்தது. "தினமும் இதுலதான் தலை சீவறேன். அப்பா குடுத்ததுங்கறதே மறந்துபோச்சு" என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

அதை இறக்கும்போது டப்பா தட்டுப்பட்டுக் கவிழ்ந்தது. பட்டன்கள் அறை முழுக்க ஓடின. என் மூன்று பிள்ளைகளும், நரைத்த தலையோடு, தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினார்கள். "இது என் காலேஜ் சட்டை." "போடா, அது என் பச்சைக் கவுன்." இப்படி ஒரு சண்டை. அந்தச் சண்டையை நான் விலக்கவில்லை.

பொறுக்கி முடித்ததும் பெரியம்மா மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். "எனக்கும்தான் அப்பா கத்துக் குடுத்தார்" என்று, தொங்கிக்கொண்டிருந்த சட்டையின் கையை ஒரே மூச்சில் ஓட்டினாள். கோடு கிழித்த மாதிரி நேர்த் தையல். ஆனால் கைநுனியைச் சேர்த்து மூடித் தைத்துவிட்டாள்! மாமா உள்ளே கைவிட்டுப் பார்த்தான், முட்டிக்கொண்டு நின்றது. "இதைப் போட்டுட்டுப் போற புள்ள எப்படிக்கா பரீட்சை எழுதும்?" என்றான். முதலில் சிரித்தது பெரியம்மாதான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தத் தண்ணீர் முழுவதும் சிரிப்பில் வந்ததா என்று நான் கேட்கவில்லை. "தூக்கிட்டுப் போடா உன் மெஷினை, பிள்ளைங்க பாவம்" என்றாள். அவளுக்கு மெஷின் வேண்டியிருக்கவில்லை போலிருக்கிறது. உனக்கு வேண்டுமா என்று அவளிடம் யாராவது கேட்டிருந்தால் போதும்.

அந்த நேரத்தில்தான் உன் அம்மா, "எல்லாரும் வெச்சாச்சு. இன்னும் ஒருத்தி வைக்கலையே" என்றாள்.

தாத்தாவின் பெரிய கத்தரி. நீ புறப்பட்ட அன்று துணியில் சுற்றி உன் பெட்டியில் அவர் வைத்தது. மாமா உன் கட்டுரையை வாங்கி அதன் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "இது அப்பா கத்தரி வெட்டுதான். துணி வெட்டுற கத்தரியால காகிதத்தை வெட்டியிருக்கா, படுபாவி!" என்று அலறினான். சின்ன வயதில் அதே குற்றத்துக்கு அவன் வாங்கிய அடி அவனுக்கல்லவா தெரியும். மூன்று பேரும் சேர்ந்து உன்னைத் திட்டினார்கள். அந்த ஒற்றுமையை நீ பார்த்திருக்க வேண்டும்.

உன் சட்டப்படி, எல்லாம் வந்து சேராமல் பாகம் இல்லை. சாமான்கள் அறையிலேயே இருக்கின்றன. சுவர் இடிப்பதை மாமா தள்ளி வைத்துவிட்டான். எதுவும் காணாமல் போகவில்லையே என்று பார்க்க, போன இரண்டு ஞாயிறும் மூன்று பேரும் வந்தார்கள். பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்கள், சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்கள். சமைத்துச் சமைத்து எனக்கு இடுப்பு ஒடிகிறது. நன்றாக இருக்கிறேன்.

கத்தரியைத் தபாலில் அனுப்பினால் ஏற்றுக்கொள்ள மாட்டோம். நீதான் கொண்டுவர வேண்டும். கைப்பையில் வைக்காதே, விமானத்தில் பிடுங்கிக்கொள்வார்களாம். பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே வை. மழுங்கியிருந்தால் மாமா சாணை பிடித்துக்கொள்வான். கை மூடிய சட்டையை அவன் பிரிக்கவில்லை. நீ வந்து வெட்டித் திறக்க வேண்டுமாம், ஆணியில் மாட்டி வைத்திருக்கிறான்.

தாத்தா போனபோது வர முடியவில்லை என்று ஒவ்வொரு கடிதத்திலும் மன்னிப்புக் கேட்கிறாய். அதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. மெஷினுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கத்தரி வைக்க இடம் விட்டிருக்கிறோம். நேற்று அங்கே பாய் விரித்துப் பார்த்தேன். ஒரு ஆள் தாராளமாகப் படுக்கலாம்.

இன்னும் ஆயிரம் வார்த்தைகளின் கதையைக் கண்டுபிடித்து, நூறு வயது நன்றாக இரு, என் கண்ணே.

பாகத்தை முடிக்கவிடாமல் வைத்திருக்கும்,
உன் பாட்டி