முயல் பாட்டில் இருமல்

இஞ்சருங்கோ,

புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். நான் சாவகச்சேரிக்குக் கிளினிக் போகிறேன்.

போன செவ்வாயும் நான் கிளினிக் போனபோது, பாட்டுப் பழக வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியதாகச் சொன்னீர்கள். நேற்று அவர்கள் முயல் பாட்டுப் பாடினார்கள். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் எல்லாரும் இரண்டு தரம் இருமினார்கள்.

"ஏன் பிள்ளையள் இருமுறியள்?"

"பாட்டு அப்பிடித்தான் ரீச்சர்!"

"ஆர் சொன்னது?"

"சொல்லமாட்டம். சொன்னால் இனிப்பு இல்லையாம்."

அந்த இரட்டை இருமல் இந்த வீட்டில் யாருடையது? பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க உங்களுக்குப் பொறுமை இல்லை என்று நான் சொன்னதற்குத்தானே இந்தக் களவு?

இன்றும் நாலு மணிக்கு வருவார்கள். வாசல் படலைப் பூட்டின் திறப்பு சாமித்தட்டில் இருக்கிறது.

பிற்குறிப்பு: இருமல் மருந்து மேசையில். பிள்ளைகள் வர முன்னம் குடியுங்கோ.